மானுடக் காவலருக்கு ஒரு பொன்னாடை

மங்கையற்கரசி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடிகிற நேரத்தில் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

அவளும் நானும் வேரோனிக்காவும் கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஒரே பெல்ட்டில் பல வருடம் நின்றவர்கள். போறணை அடுப்பில் இருந்து வரும் பணிஸ் ரொட்டியைப் பார்த்து, கருகினதை ஒதுக்கி, நல்லதைப் பையில் போடுவது வேலை. கை தன்பாட்டில் ஓடும், வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும்? மங்கை தன் தம்பியைப் பற்றிக் கதைப்பாள். வேரோனிக்கா தன் மகனைப் பற்றிக் கதைப்பாள். காணாமற்போனவர் ஒருவரும் இல்லாத நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவேன்.

மங்கையின் தம்பி வினோதன். இலங்கையில் போரின் கடைசி மாதத்தில் ஆமிக்காரர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஏறினானாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுடைய படத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறாள். யார் எங்கே கவனயீர்ப்புப் போராட்டம் என்று கூப்பிட்டாலும், பனியோ மழையோ, தான் இருக்கும் மல்வேர்னில் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், நடைபாதையில் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி நிற்பாள். "செத்துப்போனான் எண்டால் எங்கை தாட்டவங்கள் எண்டாவது சொல்லட்டும், ரோகிணி. அது காணும் எனக்கு" என்பாள். ரோகிணி நான்தான்.

வேரோனிக்கா சான் தெரேமோக்காரி. அப்படி ஒரு நாடு இருப்பது அவளைச் சந்திக்கும்வரை எனக்குத் தெரியாது. கடலும் உப்பளமும் வாழைத்தோட்டமுமான சின்ன நாடாம். அவளுடைய ஒரே மகன் ஜெனாட் கல்லூரியில் படித்தவன். இரண்டு தடவை ஆண்ட ஜனாதிபதி, மூன்றாம் தடவையும் கதிரையை விடமாட்டேன் என்று சட்டத்தை மாற்றியபோது பெடியன்கள் தெருவில் இறங்கினார்கள். பொலிஸ் லொறிகள் வந்தன. பிடித்தவர்களைப் பழைய உப்புக் களஞ்சியம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்சி கவிழ்ந்தபிறகு அங்கே தோண்டினார்கள். நிறைய எலும்பு வந்தது, ஜெனாட் வரவில்லை. ஒரு லொறி வேறு இடத்துக்குப் போனது என்றும், எங்கே என்பது ஜனாதிபதிக்கும் அவருடைய பாதுகாப்பு அதிகாரிக்கும் மட்டும்தான் தெரியும் என்றும் வழக்கில் சாட்சி வந்தது. அதிகாரி செத்துப்போனான். ஜனாதிபதி ஆட்சி கவிழ்ந்த அன்று விடியமுன்னரே விமானம் ஏறிக் கனடாவில் இருக்கும் மகளிடம் வந்துவிட்டார். அவர் இல்லாமலே அங்கே வழக்கை நடத்தி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இல்லாத ஆளுக்குக் கொடுத்த தண்டனையால் யாருக்கு என்ன பயன்?

வேரோனிக்கா அவருடைய பெயரைச் சொல்லமாட்டாள். அரசியலுக்கு வருமுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர் என்பதால் அந்த நாட்டில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். "கண்டக்டரைத் திருப்பி அனுப்பினால் எங்கள் நீதிபதி அவனைக் கேட்பார். லொறி எங்கே போனது என்று அவன் சொல்லத்தான் வேண்டும்" என்பாள். எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம், அதைத் தமிழாக்கித் தருகிறேன். அவரை அனுப்புவதா விடுவதா என்ற விசாரணை இங்கே இழுபட்டுக்கொண்டே போனது. வேரோனிக்கா அந்த ஒன்றுக்காகத்தான் காலையில் எழும்பினாள், சாப்பிட்டாள், வேலைக்கு வந்தாள். அதை மங்கையைவிட வேறு யாருக்கும் நன்றாக விளங்கியிருக்காது. தன் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து பாதிப் பிட்டை அவளுக்குத் தள்ளிவிட்டு, "அனுப்புவாங்கள், பயப்பிடாதையும்" என்று தமிழிலேயே சொல்லுவாள்.

இனி மங்கையின் மனுசன் இரத்தினவேலுக்கு வருகிறேன். சிறுநீரக நோயாளிகளை வீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கும் வான் வண்டி ஓடுபவர். உழைப்பாளி, குடி இல்லை. ஆனால் பெரிய மனிதர் என்றால் போதும், மனுசனுக்கு முதுகெலும்பு பணிஸ் மா மாதிரி ஆகிவிடும். யாரோ ஒரு அமைச்சரின் தோளுக்குப் பின்னால் தன் பாதி முகம் விழுந்த படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் கொழுவியிருந்தார்.

அவர்களுடைய மகள் அட்சயாவுக்கு அரங்கேற்றம் வந்தது. இந்த நகரத்தில் அரங்கேற்றம் என்பது ஆடுகிற பிள்ளைக்கு அல்ல, பெற்றவர்களுக்குத்தான் சோதனை. ஹோல் எடுத்தார்கள். பக்கவாத்தியக்காரரை இந்தியாவில் இருந்து எடுப்பித்தார்கள். விழா மலர் அடித்தார்கள். எல்லாம் இருந்தும் மேடையில் நடுக்கதிரையில் இருத்த ஒரு பிரதம விருந்தினர் இல்லாவிட்டால் அது அரங்கேற்றமே இல்லை. யூனியன்வில்லில் இருக்கும் சகலன் கோபால் தன் மகளுக்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தார். அது இரத்தினவேலின் தொண்டைக்குள் முள்ளாக நின்றது. அவர் பிடித்துவைத்திருந்த நகரசபை உறுப்பினரோ கடைசி மாதத்தில் வரமுடியாது என்று கைவிரித்துவிட்டார்.

அந்த நாட்களில் ஸ்ரௌவ்வில்லில் ஒரு பெரிய வீட்டில் இருந்து ஒரு கிழவரை இரத்தினவேல் வானில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் மரியோ பெல்த்ரான். மகள் ஏஞ்சலா வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவாள். ஒருநாள் இரத்தினவேல் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னதை, பிறகு அட்சயா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இஞ்சேரும், என்ர வானில வாற கிழவன் ஆரெண்டு நினைக்கிறீர்? ஒரு நாட்டின்ர ஜனாதிபதியா இருந்தவராம்! அரங்கேற்றத்துக்கு வரச்சொல்லிக் கேட்டனான். ஓம் எண்டிட்டார். கோபாலின்ர எம்பி இவருக்கு முன்னாலை ஆர்?"

அட்சயா கனடாவில் பிறந்த பிள்ளை. போனில் தேடிப்பார்க்க அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அன்றைக்கே தாயின் முன்னால் போனை நீட்டினாள்.

"அம்மா, திஸ் கை சான் தெரேமோ பிரசிடென்ட். லைக், லிட்டரலி பீப்பிளைக் கொலை செய்திருக்கிறார். வேரோனிக்கா அன்ரியின்ர நாடு அம்மா!"

மங்கை போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாளாம்: "எங்கட ஆக்களை அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே. அப்பா வரச்சொல்லியாச்சு. நீ போய்ப் பிராக்டிஸ் பண்ணு."

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மங்கைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. வந்தும் என்ன தெரிந்துகொண்டாள்? இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வேரோனிக்கா அரங்கேற்றத்துக்கு என்று என்னுடைய பச்சைச் சேலையை இரவல் வாங்கி, தன் அளவுக்குச் சட்டையும் தைப்பித்து வைத்திருந்தாள். அட்சயா போனை நீட்டிய அடுத்த நாள் பெல்ட்டில் மங்கை பணிஸைப் பார்த்தபடியே அவளிடம், ஹோலில் இடம் காணாதாம், டான்ஸ் ரீச்சர் ஆட்களைக் குறைக்கச் சொல்லிவிட்டா, குறை நினைக்கவேண்டாம், வரவேண்டாம் என்றாள். வேரோனிக்கா பெரிதாகச் சிரித்து, அதனால் என்ன, வீடியோ காட்டு என்றாள். சேலையை அழுத்தி மடித்து எனக்குத் திருப்பித் தந்தாள். கூடவே அட்சயாவுக்கு என்று ஒரு சோடி வெள்ளித் தோடும் கொடுத்துவிட்டாள்.

நான் போனேன். ஹோலில் பின்வரிசைகள் காலியாகக் கிடந்தன. மலரை விரித்தேன். முதல் பக்கத்தில் வினோதனின் படம்: காணாமல் ஆக்கப்பட்ட மாமாவுக்கு இந்த அரங்கேற்றம் சமர்ப்பணம். அடுத்த பக்கத்தில் பிரதம விருந்தினரின் ஆசியுரை, கீழே பெயர் மட்டும். அந்தப் பெயரை நான் வேரோனிக்காவின் வாயால் கேட்டதே இல்லை என்பதால் அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு இரத்தினவேல் பட்டு வேட்டியோடு மேடை ஏறி வாழ்த்துமடல் வாசித்தார். "பஸ் நடத்துநராக வாழ்வைத் தொடங்கி, தொழிலாளர் தலைவனாய் எழுந்து, பாராளுமன்றம் புகுந்து, வீதி அமைச்சராய் நாடெங்கும் தார்வீதி சமைத்து, சான் தெரேமோ திருநாட்டின் ஜனாதிபதியாய் வீற்றிருந்த பெருந்தகையே!" சனம் கை தட்டியது. நடத்துநர். சான் தெரேமோ. இந்தக் கதையின் மற்றப் பாதியை நான் பெல்ட்டில் நின்று எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! தார்வீதி போட்டதையும் வேரோனிக்கா சொல்லியிருக்கிறாள். அந்த வீதியால்தான் லொறி போனது.

"ஆனைக்கும் அடி சறுக்கும். காலம் செய்த கோலத்தால் எங்களைப்போல் நாடிழந்து வந்த இந்த ஐயாவுக்கு, மானுடக் காவலர் என்ற பட்டத்தை வழங்குவதில் மல்வேர்ன் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பெருமையடைகின்றன" என்று இரத்தினவேல் முடித்தார். எந்தக் குடும்பத்தைக் கேட்டார்? என்னைக் கேட்கவில்லை. பட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறித்த கேடயத்தை அவர் கொடுத்தார். மங்கை பொன்னாடையைப் பிரித்து, கண்டக்டரின் மெலிந்த தோளில் போர்த்தி, நன்றாகப் படிகிறதா என்று ஒருமுறை தடவியும் விட்டாள். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். கிழவர் மைக்கைப் பிடித்து நடுங்கும் குரலில், தன் நாட்டிலும் பிள்ளைகள் நன்றாக ஆடுவார்கள் என்றார்.

மங்கையைக் கழிவறையில் வைத்து மறித்தேன்.

"உவர் ஆரெண்டு தெரியுமோ அக்கா? உவர்தான் வேரோனிக்கா சொல்லுற கண்டக்டர்!"

"ஐயோ, சத்தியமாத் தெரியாது ரோகிணி! என்ர பிள்ளையாணைத் தெரியாது. என்ர மனுசன்தான் வானில வாற ஆள் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர்."

பிள்ளையை ஆணையிட்டவளை எப்படி நம்பாமல் விடுவது? திங்கட்கிழமை நானே வேரோனிக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த பணிஸ் பை நசுங்கியது. கொஞ்ச நேரம் பெல்ட் அவளைத் தாண்டி ஓடியது. பிறகு அவளே மங்கையிடம் போய்த் தோளில் கைவைத்து, "உனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்" என்றாள். மங்கை அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். எங்கள் ஆட்களுடைய விளம்பரப் பத்திரிகைகளில் படம் நிறத்தில் வந்தது. அதை பெல்த்ரானின் சட்டத்தரணி எடுத்துக்கொண்டார். கேடயம், மலர், பொன்னாடைப் படம் எல்லாம் விசாரணையில் ஆதாரமாகப் போய் ஏறின. தன்னுடைய கட்சிக்காரர் முதியவர், நோயாளி, இந்த மண்ணில் மதிப்போடு வேரூன்றியவர். சொந்தத் தம்பியைக் காணாமற் பறிகொடுத்த ஒரு பெண்ணே அவரை மானுடக் காவலர் என்று தன் கையால் கௌரவித்திருக்கிறாள். அப்படிப்பட்டவரைச் சிறையில் சாக அனுப்பலாமா? இதுதான் வாதம். சான் தெரேமோ நாட்டில் நூறு சாட்சி சொன்னதை, எங்களுடைய ஒரு பொன்னாடை மூடிவிடும்போல் இருந்தது.

வேரோனிக்கா மங்கையின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "நீ வந்து தெரியாது என்று ஒரு வார்த்தை சொல். அது போதும்."

இரத்தினவேல் போகவேண்டாம் என்றார். "உது பெரிய ஆக்களின்ர விசயம். எங்களுக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை?" ஆனால் மங்கை வருகிறேன் என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு மதிப்பு வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

விசாரணைக்கு என்னுடைய காரில்தான் போனோம். பின்சீட்டில் வேரோனிக்கா மங்கையின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

பெல்த்ரான் மகளின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். மங்கை தமிழில் சொல்ல, ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவரை அனுப்பவேண்டும் என்ற பக்கத்துச் சட்டத்தரணி, அவர் யாரென்று அப்போது தெரியுமா என்று கேட்டார். "தெரியாது" என்றாள். வேரோனிக்கா விட்ட மூச்சு என் கழுத்தில் பட்டது. அதோடு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பெல்த்ரானின் சட்டத்தரணி எழுந்தார். மங்கை சிநேகிதிக்காகச் சொல்ல வந்தவள் என்று காட்டவேண்டும், அல்லது அந்தச் சிநேகிதமே பெரிதில்லை என்று காட்டவேண்டும். அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

"வேரோனிக்கா உங்களுக்கு நெருக்கமோ?"

"ஓம், கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி."

"தங்கச்சி உங்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு வந்தாவா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் அவவை அழைக்கவில்லை."

ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். சட்டத்தரணியும் தன் கதிரையில் இருக்கத் தயாராகிவிட்டார். ஆனால் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்த்து, நீ உன் வீட்டு நல்ல காரியத்துக்கு வேண்டிய ஆளை அழைக்காமல் விட்டாய் என்றால் பொறுப்பாளா? கொலைகாரி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். மங்கைக்கு முகம் சிவந்தது.

"ஆர் சொன்னது அழைக்கேல்லை எண்டு? முதல் காட்டே அவவுக்குத்தான் குடுத்தனான்! நானும் மனுசனுமா வீட்டை போய், முறையாச் சொல்லித்தான் குடுத்தனாங்கள். பேந்து நான்தான் வரவேண்டாம் எண்டனான்!"

மொழிபெயர்ப்பாளர் ஏற்ற இறக்கம் இல்லாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சட்டத்தரணி கதிரையில் இருக்கவில்லை.

"எப்போது வரவேண்டாம் என்றீர்கள்?"

மங்கைக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்தது. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள். நீதிபதி ஸ்தானத்தில் இருந்தவர் பதில் சொல்லவேண்டும் என்றார்.

"பிரசிடென்ட் வாறார் எண்டு தெரிஞ்சாப்பிறகு."

"அப்படியானால் அவர் யாரென்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கௌரவித்திருக்கிறீர்கள்."

"எங்கட ஆக்களை அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே எண்டு..." என்று தொடங்கி நிறுத்தினாள். நிறுத்தின இடம்வரை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார். நான் வேரோனிக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் மங்கை அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். வேரோனிக்கா கையை எடுத்துக்கொண்டாள். கத்தவில்லை, திட்டவும் இல்லை. "ஜெனாட்டை உனக்குத் தெரியும்" என்றாள். "அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்றுகூட உனக்குச் சொன்னேன்." பிறகு என் காரில் ஏறாமல் தெருவைக் கடந்து போய்விட்டாள். பேக்கரிக்கும் அதற்குப் பிறகு வரவில்லை.

முடிவு கோடையில் வந்தது. பெல்த்ரானைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. வயது, நோய், மகளின் பராமரிப்பு என்று பல காரணம். அவற்றில் ஒன்றாக மங்கையும் இருந்தாள்: இதேவகை இழப்பை அனுபவித்த ஒருவர், அவருடைய கடந்தகாலத்தை அறிந்த நிலையிலேயே, அவரை மதிப்புக்குரியவராகக் கருதியிருக்கிறார். லொறி எங்கே போனது என்று இனி அவரைக் கேட்க எந்த நீதிபதியும் இல்லை.

எங்கள் ஆட்கள் மங்கையை ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அடுத்த கவனயீர்ப்பில் அவளை முன்வரிசைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "அது வேற ஆக்களின்ர பிரச்சினை, நீர் யோசிக்காதையும்" என்று ஒரு அன்ரி சூடாகக் கோப்பியும் கொடுத்தாவாம். தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்று அடிக்குமாம். மற்றவனுக்கென்றால் அந்த முறம் மூலையில் கிடக்கும்.

அதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நான் மல்வேர்னுக்குப் போனேன். அவளைத் திட்டத்தான் போனேன். வாசலில் நின்று தொடங்கவும், பின்னால் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. ஏஞ்சலா கையில் பெரிய பூங்கொத்தோடு இறங்கினாள். என்னைத் தாண்டிப் போய் மங்கையை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள்.

"என் அப்பா இனி என் வீட்டில், தன் கட்டிலில் சாவார். உங்களால்தான்" என்றாள். அவளுடைய கண்ணில் உண்மையான கண்ணீர். தகப்பனில் அவ்வளவு பாசம்.

மங்கை இரண்டு கையும் தொங்க நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. லொறி எங்கே போனது என்று இப்போது கேட்பாள் என நினைத்தேன். கண்டக்டரிடம் இதைக் கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ, உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் மங்கை.

இரத்தினவேல் ஓடிவந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். ஏஞ்சலா இருந்தாள். மங்கை கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்தாள். எனக்குப் பொறுக்கமுடியவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே கேட்டேன். "ஜெனாட் என்ற பெடியனை ஏற்றிய லொறி எங்கே போனது என்று உங்கள் அப்பாவைக் கேட்டுச் சொல்வீர்களா?"

ஏஞ்சலாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பூங்கொத்தைப் பார்த்தாள், இரத்தினவேலைப் பார்த்தாள்.

மங்கை கேத்திலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ரோகிணி, வீட்டுக்கு வந்த ஆக்களிட்டை உதெல்லாம் கேக்கப்பிடாது" என்றாள். பிறகு ஏஞ்சலாவிடம் சீனி எவ்வளவு போடுவது என்று கேட்டாள்.